ராஜர் என்றால் சம்மதம் அல்ல: கூட்டுப் பறத்தலின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

விமானத்தில் ஒருமுறைகூட ஏறியிராதவர்கள் கூடி விமானம் ஓட்டுகிறார்கள் என்பதை எப்படிப் புரிந்துகொள்வது? கணினியில்தான், ஃப்ளைட் சிமுலேட்டர் எனப்படும் பாவனை விமானத்தில்தான். ஆனால் தனியாக அல்ல. நாள் குறித்து, நேரம் குறித்து, வழித்தடம் வரைந்து, யார் முன்னே யார் பின்னே என்று பேசித் தீர்த்து, ஒருவரைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் உட்காரவைத்து, வரிசையாகக் கிளம்பி வரிசையாக இறங்குகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டையில், மண்ணூர் மாதிரியான ஊர்களின் வாடகை அறைகளிலிருந்து அப்படிப் பறந்த ஒரு சிறு குழுவில் நானும் இருந்தேன். கொஞ்ச காலம் அதன் ஏற்பாடுகளை நானே கவனித்தேன்.

'எட்டு மணி நேரம் லைன்ல நின்னுட்டு வந்து, ராத்திரியும் ஒருத்தன் வரிசையில நிப்பானாய்யா?' என்று தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவர் கேள்விக்குள் இரண்டு விமர்சனங்கள் இருக்கின்றன. ஒன்று, நமக்குப் பழக்கமானது: ஓய்வு என்பது மறுநாள் விற்பதற்கான உழைப்புச் சக்தியை மறுஉற்பத்தி செய்துகொள்ளும் நேரம், பொழுதுபோக்கு அதற்கான மயக்க மருந்து. மற்றது ஃபூக்கோவைப் படித்தவர்கள் உடனே சொல்லக்கூடியது: ஒழுங்கு என்பது வெளியிலிருந்து திணிக்கப்படுவது மட்டுமல்ல, உடலே அதை விரும்பத் தொடங்கிவிடுகிறது, ஆலை கற்றுத் தந்த வரிசையை இவர்கள் வீட்டுக்கும் கொண்டுவந்து விளையாடுகிறார்கள். பூத்ரியாவைத் துணைக்கு அழைத்தால் மூன்றாவதாக ஒன்றும் சொல்லலாம்: பறத்தல் என்று ஒன்று இங்கே இல்லவே இல்லை, பறத்தலின் பிம்பம்தான் இருக்கிறது.

மூன்றுமே முழுத் தவறல்ல. ஆனால் மூன்றுமே விமானத்தைப் பார்க்கின்றனவே தவிர, அந்த அறையில் நடக்கும் பேச்சைக் கேட்கவில்லை. கூட்டுப் பறத்தலில் பிரதானம் பறத்தல் அல்ல, பேச்சு. யார் யாருக்கு என்ன சொல்லலாம், கேட்டவர் என்ன செய்ய வேண்டும், மறுக்க முடியுமா, மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு முழு இலக்கணம் அங்கே இருக்கிறது. அந்த இலக்கணத்தைத்தான் நான் இங்கே வாசிக்கப் பார்க்கிறேன். அது எதைக் கற்றுத் தருகிறது, எதை முன்கூட்டியே அழித்துவிட்டுத் தொடங்குகிறது என்று.

2

பாவனை விமானம் நேற்று வந்த சங்கதி அல்ல. அமெரிக்காவில் பியானோ, ஆர்கன் செய்யும் குடும்பத்தில் வந்த எட்வின் லிங்க், ஆர்கன் வாத்தியத்தின் துருத்திகளைக் கொண்டே 1929இல் தரையில் நின்றபடி ஆடிச் சாயும் ஒரு பயிற்சிப் பெட்டியைச் செய்தார். விமானப் பள்ளிகள் சீண்டவில்லை. பொருட்காட்சித் திடல்களில் காசு கொடுத்து ஏறும் விளையாட்டுப் பெட்டியாகத்தான் அது முதலில் விலைபோனது. 1934இல் தபால் விமானங்களை ஓட்டப் போன ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்துச் செத்த பிறகே அமெரிக்க ராணுவம் அதை வாங்கியது. திருவிழா ராட்டினத்துக்கும் ராணுவப் பயிற்சிக்கும் இடையில் பிறந்த கருவி இது. அதன் பிறகு புரூஸ் ஆர்ட்விக் எழுதிய நிரல் வீட்டுக் கணினிகளுக்கு வந்தது; 1982இல் மைக்ரோசாஃப்ட் அதைத் தன் பெயரில் வெளியிட்டது. 2001இல் தொடங்கப்பட்ட வாட்சிம் என்ற வலைப்பின்னலில் உலகெங்கும் சம்பளமில்லாத ஆர்வலர்கள் ஒரு பக்கம் விமானிகளாகவும் மறுபக்கம் வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களாகவும் உட்கார்ந்து பேசிக்கொள்கிறார்கள். 'கிராஸ் த பாண்ட்' என்று அங்கே ஒரு நிகழ்வு: வருஷத்துக்கு இரண்டு முறை, ஒருமுறை கிழக்கு நோக்கியும் ஒருமுறை மேற்கு நோக்கியும், அட்லாண்டிக் பெருங்கடலை ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கூட்டமாகக் கடப்பார்கள். புறப்படும் நேரத்துக்கு முன்பதிவு உண்டு. நம்ம ஊர் தட்கால் டிக்கெட் மாதிரி அதற்கும் அடிதடி.

எங்களுடையது அவ்வளவு பெரிய சமாச்சாரம் அல்ல. ஏழெட்டுப் பேர். ஞாயிறு இரவு 9.30. விமான உலகின் பொதுக் கடிகாரத்தில் அது 16.00. வார நாளில் வைத்தால் முதல் ஷிஃப்டுக்காரன் தூங்கியிருப்பான், இரண்டாம் ஷிஃப்டுக்காரன் பஸ்ஸுக்குள் இருப்பான். சென்னையிலிருந்து பெங்களூருக்கு. வெளியே இரவு, திரையில் பகல் வைத்துக்கொள்வோம்.

ஒழுங்கு செய்வது என்றால் என்ன? முதல் பிரச்சினையே வர்க்கப் பிரச்சினைதான். 2020இல் வந்த மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரைச் சரளமாக ஓட்டத் தக்க கணினி என்பது ஒப்பந்தத் தொழிலாளியின் பல மாதச் சம்பளம். ஒருவன் தவணையில் வாங்கியிருந்தான். ஒரு அறையில் மூன்று பேருக்கு ஒரு கணினி. ஒருவன் ஓட்ட, ஒருவன் ரேடியோ பேச, ஒருவன் வரைபடம் பார்ப்பான். (நிஜ விமானத்திலும் வேலைப் பிரிவினை இப்படித்தான். அங்கே பாதுகாப்புக்காக, இங்கே வறுமைக்காக.) பெரிய ஜெட்டில்தான் பறப்பேன் என்று கணினி நன்றாக இருந்தவன் அடம்பிடித்தான். இரண்டு வாரம் விவாதித்து ஒரு முடிவுக்கு வந்தோம்: இருப்பதிலேயே பலவீனமான கணினியில் எந்த விமானம் ஓடுமோ அதுவே எல்லோருக்கும். செஸ்னா 172. நான்கு இருக்கை, ஒற்றை எஞ்ஜின். ஜெட் முக்கால் மணிக்குள் தாண்டுகிற தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம்.

அடுத்தது மோதல். இந்தச் சிமுலேட்டரில் ஒருவர் விமானம் இன்னொருவர் விமானத்தின் மீது மோதாது, ஊடுருவிப் போய்விடும். ஆவிகள் மாதிரி. நிறுவனத்தின் பார்வையில் இது சரிதான்; இல்லையென்றால் வேண்டுமென்றே இடித்து விளையாடுகிறவர்கள் பெருகிவிடுவார்கள். ஆனால் யாருடைய உடலும் யாருக்கும் தடையில்லை என்றால் அங்கே கூட்டம் ஏது? எனவே நாங்களே ஒரு விதி செய்தோம். இன்னொருவர் ஊடாகப் போனவர் அன்றைக்கு இறந்தவர். பேசாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மென்பொருள் பறித்துக்கொண்ட உடலை ஒரு ஒப்பந்தத்தின் மூலம் நாங்கள் மீட்டுக்கொண்டோம் எனலாம். ரொம்பப் பெரிய வார்த்தையாகத் தோன்றலாம். ஆனால் அந்த விதி வந்த ராத்திரியிலிருந்துதான் ஒருவன் பேசும்போது மற்றவன் கவனித்தான்.

மூன்றாவது, கட்டுப்பாட்டுக் கோபுரம். அதில் உட்கார்ந்தது ஒரு பெண். கைபேசிகள் பூட்டும் ஆலையில் வேலை, விடுதியில் வாசம். அவரிடம் கணினியே கிடையாது. கையிலிருந்தது ஒரு ஆண்ட்ராய்டு போனும் நாற்பது பக்க நோட்டும். விமானிகள் ஒவ்வொருவரும் தாங்கள் இருக்கும் இடம், உயரம், அடுத்த இடத்துக்குப் போகும் நேரம் மூன்றையும் குரலில் சொல்ல வேண்டும். அவர் நோட்டில் ஆளுக்கொரு வரி போட்டு எழுதிக்கொள்வார். இரண்டு வரிகள் ஒரே நேரத்தில் ஒரே உயரத்தில் சந்திக்கும் என்றால் ஒருவரை உயரம் மாற்றச் சொல்வார். ரேடார் எட்டாத பெருங்கடல்களின் மேல் நிஜமான கட்டுப்பாட்டாளர்கள் காலங்காலமாகச் செய்துவந்தது இதைத்தான். விலையுயர்ந்த கணினி வைத்திருப்பவன் விமானி. போன் மட்டும் வைத்திருப்பவர் அவனை வழிநடத்துபவர். 'அண்ணே, நீங்க சொன்னது எனக்குப் பாதிதான் கேட்டுச்சு, முழுசா சொல்லுங்க, அப்புறம் எறங்கலாம்' என்று அந்தப் பெண் சொல்லும்போது, பகலில் பத்துப் பேரை மேய்க்கும் லைன் லீடர் ஒருவர் ஓடுபாதைக்கு வெளியே வட்டமடித்துக்கொண்டிருப்பார்.

3

அவர் 'முழுசா சொல்லுங்க' என்றது பண்பு சார்ந்த விஷயம் அல்ல, விதி. விமான ரேடியோவில் நான்கைந்து சொற்களுக்குச் சட்டத்தின் கறாரான பொருள் உண்டு.

'ராஜர்' என்றால் நீங்கள் கடைசியாகச் சொன்னது முழுவதும் எனக்கு வந்து சேர்ந்தது என்று பொருள். அவ்வளவுதான். சம்மதம் என்றோ, செய்கிறேன் என்றோ பொருளில்லை. ஆம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டிய கேள்விக்கு ராஜர் என்று சொல்லவே கூடாது. 'வில்கோ' என்றால் புரிந்தது, அப்படியே செய்வேன். 'ஸ்டாண்ட்பை' என்றால் காத்திரு, நானே அழைக்கிறேன். அது அனுமதியும் அல்ல, மறுப்பும் அல்ல. 'அன்ஏபிள்' என்றால் உங்கள் கட்டளையை என்னால் நிறைவேற்ற முடியாது. இவற்றுக்கெல்லாம் மேலே, 'ரீட்பேக்' எனப்படும் திருப்பிச் சொல்லல். முக்கியமான கட்டளை எதையும் பெற்றவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் அதைக் கேட்டு, தவறு இருந்தால் திருத்த வேண்டும். அதாவது கட்டளை என்பது வாயிலிருந்து வெளியே வந்தவுடன் முடிந்துபோவதில்லை. கேட்டவரின் வாய்வழியாக அது திரும்பி வந்து, சொன்னவரின் காதில் விழ வேண்டும். அதிகாரத்துக்கு வாய் மட்டும் போதாது, காதும் வேண்டும் என்கிறது இந்த இலக்கணம்.

யாரோ தத்துவவாதி உட்கார்ந்து யோசித்ததல்ல இது. இதன் பல விதிகள் பிணங்களின் மேல் எழுதப்பட்டவை. 1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளின் டெனரீஃபில், மூடுபனியில், ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பட அனுமதி கிடைக்கும் முன்பே ஒரு விமானத்தின் தலைமை விமானி வேகமெடுத்துவிட்டார். கோபுரத்திலிருந்து காத்திருக்கச் சொன்ன குரலும், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று எதிர் விமானம் சொன்ன குரலும் ஒரே கணத்தில் கலந்து வெறும் கீச்சொலியாகிவிட்டன. அந்த அறையிலேயே பின்னால் உட்கார்ந்திருந்த எஞ்ஜினியருக்குச் சந்தேகம் வந்தது. அந்த விமானம் இன்னும் விலகவில்லையோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். முதலில் இருந்தவர் அந்த நிறுவனத்தின் மிக மூத்த விமானி. விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டார். கீழே இருப்பவர் அதற்கு மேல் பேசவில்லை.

அதற்குப் பிறகு ரேடியோ மொழி திருத்தப்பட்டது. 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை உண்மையில் புறப்பட அனுமதிக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் பயன்படுத்தக்கூடாது என்று ஆனது. அதைவிட முக்கியமானது, விமானி அறையில் இளையவர் மூத்தவரை மறுத்துப் பேசுவதற்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், மூத்தவர் அதைக் கேட்பதற்கும் பயிற்சி பெற வேண்டும் என்பது எண்பதுகளில் ஒரு துறையாகவே வளர்ந்தது. படிநிலை கொல்லும் என்பதை நாம் அரசியலாகச் சொல்லிவந்தோம். முதலாளித்துவத்தின் ஆகப் பளபளப்பான ஒரு தொழில் அதைப் பிணங்களை எண்ணிக் கற்றுக்கொண்டது.

4

இப்போது ஆலைக்குள் வருவோம். இலக்கணம் அங்கே எப்படி இருக்கிறது?

நான் வேலை பார்த்த உதிரிபாக ஆலை ஒன்றில் லைன் நெடுகிலும் ஒரு கயிறு தொங்கும். குறை கண்டால் இழுக்கலாம், லைன் நிற்கும். ஜப்பானிய முறை, அதற்கு 'ஆண்டன்' என்று பெயர். எங்கள் ஆட்கள் அதை ஆண்டான் கயிறு என்றுதான் சொல்வார்கள். அடிமை இழுக்கக்கூடாது என்பது உட்பொருள். இழுத்தால் லைன் நிற்கும் முன் ஒரு குரல் வரும்: 'எவன்டா இழுத்தது?' என்ன குறை என்று யாரும் கேட்பதில்லை. எனவே எல்லாக் கட்டளைக்கும் ஒரே பதில்தான்: 'சரி சார்.' இந்தச் 'சரி சார்' ராஜரா, வில்கோவா? கேட்டது என்று பொருளா, செய்கிறேன் என்று பொருளா, முடியாது ஆனால் சொல்ல வழியில்லை என்று பொருளா? மூன்றும் அதற்குள் அடக்கம். மேலே இருப்பவருக்கு அது சம்மதமாகக் கேட்கும். கீழே இருப்பவருக்கு அது உயிர் பிழைக்கும் உத்தி. நம் மொழியில் அதிகாரத்தின் முன் பேசப்படும் சொற்கள் பெரும்பாலும் இப்படிக் குழம்பித்தான் கிடக்கின்றன. 'ஆகட்டுங்க', 'பாத்துக்கலாம்', 'சொல்றேங்க' என்பவையெல்லாம் இதே ஜாதிதான்.

கூட்டுப் பறத்தலில் எங்கள் ஆட்களுக்கு முதலில் வராத சொல் எது தெரியுமா? 'அன்ஏபிள்.' கட்டுப்பாட்டாளர் ஏறச் சொன்ன உயரத்துக்கு அந்தச் சின்ன எஞ்ஜின் ஏறாது என்று தெரிந்தும் ஏற்றிப் பார்ப்பார்கள். வேகம் குறைந்து விழுவார்கள். முடியாது என்று சொல்வது ஒரு தகவல்தான், அவமதிப்பு அல்ல என்பது உடலில் ஏறவே பல ஞாயிறுகள் பிடித்தன. விழாமல் இருக்க மறுக்கத் தெரிய வேண்டும். தோழரின் கேள்விக்கு என் முதல் பதில் இது: அவர்கள் ஆலையின் வரிசையை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஆலையில் இல்லாத ஒரு வரிசையை, கேள்வி கேட்கவும் மறுக்கவும் இடமுள்ள வரிசையை, ஒத்திகை பார்த்தார்கள்.

ஆனால் இத்தோடு நிறுத்திக்கொண்டால் அது விளம்பரமாகிவிடும். இந்த இலக்கணத்தின் எல்லையையும் சொல்லியாக வேண்டும்.

வாட்சிம் வலைப்பின்னலின் நடத்தை விதிகளைப் படித்தால் ஆலைக்காரனுக்குச் சிரிப்பு வரும். இணைப்பில் இருந்துகொண்டு 30 நிமிஷத்துக்கு மேல் இருக்கையைவிட்டு நகரக்கூடாது. ஒழுங்கு மீறினால் வருபவர் பெயர் சூப்பர்வைசர். (எங்கே போனாலும் இவர் முன்னாலேயே வந்து நிற்கிறார்.) கடத்தப்பட்ட விமானமாக நடிக்கத் தடை. எஞ்ஜின் நின்றது, தீப்பிடித்தது என்று அவசரநிலை அறிவிக்கலாம். ஆனால் கட்டுப்பாட்டாளர் வேண்டாம் என்றால் உடனே அவசரநிலையை ரத்து செய்ய வேண்டும், இல்லையேல் இணைப்பைத் துண்டித்துக்கொள்ள வேண்டும். நெரிசல் மிகுந்த கூட்டு நிகழ்வில் ஒருவரின் நாடகம் மற்றவர்களைப் பாதிக்கக்கூடாது என்ற நடைமுறை நியாயம் இதற்கு உண்டு. என்றாலும் வாசித்துப் பாருங்கள்: ஆபத்தில் இருக்கிறேன் என்று சொல்ல, சொல்லப்படுபவரின் வசதி பார்க்க வேண்டும். ஒத்திகையிலிருந்து எதெல்லாம் முன்கூட்டியே வெட்டப்பட்டிருக்கிறது என்பதில்தான் ஒரு பிரதியின் கருத்தியல் தெரியும்.

மேலும் ஒன்று. 'அன்ஏபிள்' என்பது ஒருமைச் சொல். ஒரு விமானி, ஒரு விமானம், ஒரு கணம். தன் விமானத்தின் பாதுகாப்புக்காக மறுக்கும் இறுதி அதிகாரம் விமானிக்குச் சர்வதேச விதிகளின்படியே உண்டு. ஆனால் அதைப் பன்மையில் சொன்னால்? 1981 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்க வான்வழிக் கட்டுப்பாட்டாளர்கள் சுமார் 13,000 பேர், வேலை நேரமும் நெருக்கடியும் தாங்கவில்லை, ஊதியமும் போதவில்லை என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டே நாளில், திரும்பாத 11,000க்கும் மேற்பட்டவர்களை ரீகன் வேலைநீக்கம் செய்தார். அந்த ஆண்டு அக்டோபரில் அவர்கள் சங்கத்தின் அங்கீகாரமும் பறிக்கப்பட்டது. தனியாகச் சொன்னால் பாதுகாப்பு. கூட்டாகச் சொன்னால் குற்றம். உலகெங்கும் தொழிற்சங்கங்கள் மீதான எண்பதுகளின் தாக்குதலுக்கு அது ஒரு தொடக்கம் என்பதை நாம் அறிவோம். எந்த வேலையைச் செய்தவர்கள் அப்படித் துரத்தப்பட்டார்களோ அதே வேலையைத்தான் இன்று ஆயிரக்கணக்கானோர் சம்பளமில்லாமல், ஆசையாக, பயிற்சி எடுத்துத் தேர்வெழுதிச் செய்கிறார்கள். கூட்டாகப் பறக்கலாம், கூட்டாக மறுக்கும் சொல் மட்டும் அந்த இலக்கணத்தில் இல்லை.

அந்தச் சொல் வேறு இடத்தில், நம் பட்டையின் தரையில்தான், உருவாகிக்கொண்டிருந்தது. 2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சாகி மருத்துவமனைக்குப் போன அறைத் தோழிகள் என்ன ஆனார்கள் என்று யாரும் சொல்லாதபோது, ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். கூலி உயர்வு கேட்டு அல்ல. அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா, பதில் சொல் என்று. 2024இல் செப்டம்பர் 9 தொடங்கி அக்டோபர் நடுப்பகுதிவரை சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வேலையை நிறுத்தியபோது மையமாக இருந்த கோரிக்கை, எங்கள் சங்கத்தைப் பதிவு செய் என்பது. அதில் நிறுவனம் கிளப்பிய ஆட்சேபங்களில் ஒன்று, சங்கத்தின் பெயரில் தன் பெயர் இருக்கக்கூடாது என்பது. ரேடியோவில் அழைப்புக்குறி இல்லாதவர் பேச முடியாது. பேசினாலும் யார் பேசியது என்று பதிவாகாது. அல்தூசர் சொன்ன விளித்தல் மேலிருந்து கீழே வருவது: அதிகாரம் கூப்பிடுகிறது, நாம் திரும்பிப் பார்த்துத் தன்னிலைகளாகிறோம். இங்கே திசை மாறியது. தொழிலாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு அழைப்புக்குறி வைத்துக்கொண்டு, இந்தப் பெயரில் எங்களைக் கூப்பிடு என்றார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது.

5

மறுபடி மேலே ஏறுவோம். சென்னையில் மேற்கு நோக்கிக் கிளம்பிச் செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டினால் கீழே ஸ்ரீபெரும்புதூர். கொஞ்ச நேரத்தில் இடப்பக்கம் நீலமும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக ஏரிகள், பரந்தூர் பக்கம். ஏகனாபுரம் அங்கேதான் இருக்கிறது. திரையில் அதன் பெயர் தெரியாது.

இந்தச் சிமுலேட்டர் உலகத்தை எப்படிக் கட்டுகிறது? செயற்கைக்கோள் படங்களை மென்பொருள் வாசித்து, இது கூரை, இது மரம், இது தண்ணீர் என்று ஊகித்து, கோடிக்கணக்கான கட்டடங்களைத் தானாகவே எழுப்புகிறது. ஊகம் சில சமயம் சொதப்பும். 2020இல் மெல்பர்ன் நகரத்தின் புறநகரில் 212 மாடிக் கோபுரம் ஒன்று வானைக் கிழித்துக்கொண்டு நின்றது. திறந்த வரைபடத் தரவில் யாரோ 2 என்பதற்குப் பதில் 212 என்று அடித்துவிட்டிருந்தார்கள். விளையாடுபவர்கள் அதைச் சுற்றிப் பறந்து சிரித்தார்கள். நமக்கு அது வேறொன்றை நினைவூட்டும். ஆவணத்தில் ஏறிய ஒரு சொல் தரையில் இருப்பதை மாற்றும் என்பது கிராமத்தில் யாருக்கும் புதிதல்ல. மேய்ச்சல் நிலத்தை, களத்துமேட்டை, வாய்க்கால் கரையைப் 'புறம்போக்கு' என்று ஒரு பதிவேடு எழுதினால், மேலிருந்து பார்க்கிறவருக்கு அங்கே யாரும் இல்லை. சிமுலேட்டரின் கிராமங்களிலும் யாரும் இல்லை. வீடு உண்டு, மனிதர் இல்லை. வானத்திலிருந்து பார்க்கும் பார்வை எப்போதும் காலி நிலத்தைத்தான் பார்க்கிறது.

பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் என்று 2022இல் அறிவிப்பு வந்தது. 13 கிராமங்கள், சுமார் 5,700 ஏக்கர்; வயலும் ஏரியும் அதற்குள் அடக்கம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஏரிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கம்பன் கால்வாயும் அந்த நிலத்தின் ஊடே ஓடுகிறது. ஏகனாபுரம் மக்கள் 2022 ஜூலையில் தொடங்கி ஆயிரம் நாட்களைத் தாண்டி மாலைதோறும் கூடிப் போராடினார்கள். கிராம சபையில் திட்டத்துக்கு எதிராகத் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2025 ஏப்ரலில் கொள்கையளவிலான ஒப்புதலை அளித்தது.

ரேடியோ இலக்கணத்தை வைத்து இதை வாசித்துப் பார்க்கலாம். கிராம சபைத் தீர்மானம் என்பது கூட்டாகச் சொல்லப்பட்ட 'அன்ஏபிள்.' பன்மையில், பதிவேட்டில், கையெழுத்தோடு. அதற்கு அரசு அளிக்கக்கூடிய நேர்மையான பதில் இரண்டுதான்: ஏற்கிறேன், அல்லது இன்ன காரணத்தால் ஏற்கவில்லை. இரண்டுக்கும் முன்னால் ஒரு திருப்பிச் சொல்லல் வேண்டும். நீங்கள் சொல்வது இதுதானே என்று அவர்கள் சொற்களிலேயே. வந்ததோ, 'உங்கள் கருத்துகள் கவனத்தில் கொள்ளப்படும்' என்ற அரசாங்கத் தமிழ். மனு பெறப்பட்டது: ராஜர். பரிசீலனையில் உள்ளது: ஸ்டாண்ட்பை. மக்கள் பாதிக்கப்படாத வகையில் நடவடிக்கை எடுக்கப்படும் என்பதற்கோ எந்த விமான அகராதியிலும் சொல் கிடையாது. நம் மனுநீதி நாட்களின் மொத்த இலக்கணமும் ராஜரும் ஸ்டாண்ட்பையும்தான். ராஜர் என்பதைப் பதிலாகவும், ஸ்டாண்ட்பை என்பதை அனுமதியாகவும் எடுத்துக்கொண்டு ஓடுபாதையில் வேகமெடுப்பது எங்கே கொண்டுபோய்விடும் என்பதை விமானத் துறை 1977இலேயே கற்றுக்கொண்டது. விமான நிலையம் கட்டுகிறவர்கள் விமானியிடமிருந்து கற்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

எதிர்த் திசையில் ஒரு கதை. சிகாகோவில் ஏரிக்கரையோரம் மெய்க்ஸ் ஃபீல்டு என்று ஒரு சின்ன விமான நிலையம் இருந்தது. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் பல பதிப்புகளில் ஆட்டம் தொடங்கும் இடமே அதுதான். லட்சக்கணக்கானோர் அங்கேதான் முதல்முறை 'பறந்தார்கள்'. 2003 மார்ச் இறுதியில் ஒரு நள்ளிரவில், மேயரின் உத்தரவின்படி, புல்டோசர்கள் போய் அதன் ஓடுபாதையில் பெரிய பெரிய குறிகளாகப் பள்ளம் தோண்டின. முன்னறிவிப்பு இல்லை. நிற்கவைத்திருந்த விமானங்கள்கூடச் சிக்கிக்கொண்டன. பழைய பதிப்புகளில் அந்த ஓடுபாதை இன்றும் பத்திரமாக இருக்கிறது. அங்கே இருந்த விமான நிலையம் இரவோடு இரவாகப் போனது. இங்கே இல்லாத விமான நிலையம் வரைபடத்தில் முந்திக்கொண்டு வந்து, இருக்கிற ஊரை இல்லாததாக்குகிறது. இரண்டிலும் புல்டோசருக்கு முன்னால் திருப்பிச் சொல்லல் நடக்கவில்லை. பூத்ரியாவின் சீடர்கள் நிஜத்துக்கும் பிம்பத்துக்குமான எல்லை அழிந்துவிட்டது என்பார்கள். ஏகனாபுரத்தில் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும். எல்லை அங்கே நன்றாகவே தெரியும். அளவைக் கல் நட்டிருக்கும்.

எங்கள் குழுவில் ஒரு பையன் கேட்டான், இல்லாத விமான நிலையத்தையும் சிமுலேட்டரில் நாமே செய்து சேர்க்கலாமே, பரந்தூரில் ஒரு ஓடுபாதை போட்டு அங்கே இறங்கிப் பார்க்கலாமா என்று. தொழில்நுட்பரீதியாக முடியும், வீட்டிலிருந்தபடி ஓடுபாதைகளைச் செய்து சேர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். கோபுரத்திலிருந்த பெண்தான் பதில் சொன்னார். 'அன்ஏபிள்.' அவ்வளவுதான் சொன்னார். அவரவர் உயரத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார். யாரும் மறுபடி கேட்கவில்லை.

6

கூட்டுப் பறத்தல் ஒரு அரசியல் நடவடிக்கை என்று நான் சொல்லவரவில்லை. அதன் தரவும் சர்வரும் நிறுவனத்துடையவை. அதன் வானத்தில் வேலைநிறுத்தம் கிடையாது, கீழே மனிதர் கிடையாது, ஆபத்துக்கும் அனுமதி வேண்டும். ஒரு ஞாயிறு இரவைக் கொண்டு திங்கட்கிழமையை யாரும் மாற்றிவிட முடியாது.

ஆனால் நம் கூட்டங்களையே எடுத்துக்கொள்வோம். சங்கக் கூட்டம், இலக்கியக் கூட்டம், இயக்கக் கூட்டம் எல்லாவற்றிலும் மூத்தவர் பேசுகிறார், இளையவர் தலையாட்டுகிறார், பெண்கள் தேநீர் வைக்கிறார்கள், தீர்மானம் 'ஏகமனதாக' நிறைவேறுகிறது. அந்த ஏகமனதில் எத்தனை ராஜர், எத்தனை வில்கோ, சொல்லப்படாத அன்ஏபிள் எத்தனை என்று எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா? பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு சந்தேகத்தைக் கிளப்பும்போது, முன்னால் இருப்பவர் அழுத்தமாக ஆமாம் என்று சொல்லி முடித்துவிடுவதில்லையா? பலவீனமான கணினிக்கு ஓடும் விமானமே எல்லோருக்கும் என்ற முடிவை நம்முடைய எந்த அமைப்பு எடுத்திருக்கிறது?

அதிகாரத்திடம் நாம் வைக்கும் கோரிக்கைகளில் இதையும் சேர்க்கலாம்: எங்கள் மனு வந்து சேர்ந்தது என்று சொல்லாதே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களிடம் திருப்பிச் சொல். ஆட்சியர் அலுவலகத்தில், ஆலை வாசலில், கிராம சபையில் இதைக் கேட்கலாம். கேட்கும் உரிமை நமக்கு வரவேண்டுமானால், நம் கூட்டங்களில் கடைசி வரிசையில் இருப்பவர் சொன்னதை மேடையில் இருப்பவர் முதலில் திருப்பிச் சொல்லிப் பழக வேண்டும்.